பூட்டி காதுப் பாம்படமும் லண்டன் பெட்டகமும்



நம் கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேணும் என்று செயலாளர் அக்கா கேட்டபோது, பத்தாவதோடு நிறுத்தின ஆள் நான், எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றுதான் சொன்னேன். "நீதான் நூலகத்துக்குப் போறியே, அங்க படிச்சதை எழுது"ன்னு அவங்க விடவில்லை. எங்க ஊர் அச்சங்குளம் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரங்க 2021 வெடிவிபத்தைப் பத்தித்தான் கேக்கிறாங்க. அதை எழுத என்னால முடியாது. அதனால வேற ஒரு கதை எழுதுறேன். கொஞ்சம் நீளம், கணக்கும் வரும். நாம குழுக் கணக்கு எழுதுறவங்கதானே, பொறுத்துப் படிங்க.

எங்க பூட்டி, அதாவது எங்க அப்பத்தாவோட அம்மா, காது வளர்த்தவங்க. நான் பார்த்ததில்லை, அப்பத்தா சொல்லித்தான் தெரியும். காது தோள் வரைக்கும் தொங்குமாம். அதுல பாம்படம் கிடந்து ஆடுமாம். அப்பத்தா ஆறேழு வயசுப் பிள்ளையா இருந்தப்ப, ஒரு வருஷம் பருத்தி விலை ஒரேயடியா விழுந்துபோச்சு. தீர்வை கட்ட வழியில்லை. பூட்டி பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்து, பூட்டன் சாத்தூருக்குக் கொண்டுபோய் வித்துட்டு வந்தாராம். "அதுக்குப் பிறகு சாகிற மட்டும் எங்கம்மா வெறுங்காதுதான். யாராவது வீட்டுக்கு வந்தா முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கிரும்" என்று அப்பத்தா சொல்லும்போது அதுக்கே கண் கலங்கிரும்.

எந்த வருஷம்னு கேட்டா, "வெள்ளைக்காரன் காலம்" என்பதோடு முடிஞ்சது. அப்பத்தாவோட வயசை வெச்சுக் கணக்குப் போட்டா 1932, 33 பக்கம் வருது. என் மகள் பள்ளிப் பாடத்துக்காக "அந்நியச் செலாவணி கையிருப்புன்னா என்னம்மா"ன்னு கேட்டப்ப அந்த ஞாபகம் எனக்கு இல்லை. நூலகத்துல புத்தகம் புத்தகமாத் தேடிப் படிக்கப் படிக்கத்தான், மகள் கேட்ட கேள்வியும் பூட்டியோட பாம்படமும் ஒரே இடத்துல வந்து நின்னுச்சு.

முதல்ல செலாவணி. ரேஷன் கடையில பாமாயில் வாங்குறோம். அது மலேசியா, இந்தோனேசியாவுல இருந்து வருது. பஸ்ஸுக்கு ஊத்துற டீசலுக்கான கச்சா எண்ணெய் அரபு நாட்டுல இருந்து வருது. அவங்ககிட்ட நம்ம ரூபாயைக் கொடுத்தா வாங்க மாட்டாங்க. டாலரோ, அவங்க ஒத்துக்கிற வேற பணமோ, தங்கமோ வேணும். அப்படி நாடு சேர்த்து வெச்சிருக்கிறதுதான் அந்நியச் செலாவணி கையிருப்பு. அது தீர்ந்தா என்ன ஆகும்னு 2022இல் இலங்கையைப் பார்த்தோமே. மண்ணெண்ணெய்க்கும் கேஸ் சிலிண்டருக்கும் ராத்திரி பகலா வரிசை. பால்பவுடர் இல்லை. பரீட்சை நடத்தப் பேப்பர் இல்லை. கைப்பிள்ளையோட படகேறி தனுஷ்கோடிக் கரையில வந்து இறங்கினாங்க. தமிழ்நாட்டுல இருந்து அரிசியும் பால்பவுடரும் கப்பல்ல போச்சு.

வெள்ளைக்காரன் ஆண்டப்ப நம்ம நாட்டுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்கவே கூடாது. ஏன்னா நாம வாங்கினதைவிட வித்தது அதிகம். பருத்தி, சணல், தேயிலை, எண்ணெய் வித்துன்னு கப்பல் கப்பலாப் போச்சு. நம்ம கரிசல் காட்டுப் பருத்தியும் சாத்தூர், விருதுநகர் அரவை மில்லுல அரைச்சு, தூத்துக்குடி வழியாப் போனதுதான். வித்தவனுக்குக் காசு வரணும் இல்லையா? அந்தக் காசு எங்கே போச்சுங்கிறதுதான் கதையே.

லண்டன்ல இந்தியா மந்திரின்னு ஒருத்தர் இருந்தார். 1858இல் கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்ததுல இருந்து அந்தப் பதவி உண்டு. வைஸ்ராய்க்கும் மேல அவர்தான். நம்ம சரக்கை வாங்கின வெளிநாட்டு வியாபாரி, அதுக்கான பவுண்டை இங்கே அனுப்ப மாட்டார். லண்டன்லயே இந்தியா மந்திரிகிட்ட கட்டிட்டு ஒரு சீட்டு வாங்குவார். கவுன்சில் பில் என்று அதுக்குப் பேர். அந்தச் சீட்டு இங்கே வந்தா, நம்ம கஜானாவுல இருந்து ரூபாய் கொடுப்பாங்க. கஜானாவுல இருந்த ரூபாய் எது? நாம கட்டின தீர்வை, உப்பு வரி. ஆகமொத்தம், சம்சாரி வித்த பருத்திக்குச் சம்சாரி கட்டின வரியில இருந்தே விலை வந்துச்சு. பருத்திக்கு வந்த பவுண்டு லண்டன்லயே நின்னுக்கிருச்சு.

இதை முதல் தடவை படிச்சப்ப எனக்குப் புரியலை. மூணு தடவை படிச்சேன். அப்புறம் நம்ம குழுவை வெச்சு யோசிச்சுப் பார்த்தேன். நாம பன்னிரண்டு பேர் பால் ஊத்துறோம். பால் காசை டிப்போக்காரர் நம்மகிட்ட கொடுக்காம வேற ஊர்ல ஒரு ஐயாகிட்ட கொடுத்துடுறார். அந்த ஐயா நமக்குச் சீட்டு அனுப்புறார். அந்தச் சீட்டைக் காட்டி நம்ம சந்தாப் பணத்துல இருந்தே நாம எடுத்துக்கிறோம். பால் காசு அவர் பெட்டியில இருக்கு. இப்படி ஒரு குழு நடந்தா தணிக்கைக்கு வர்றவர் சும்மா விடுவாரா?

அந்தப் பெட்டியில இருந்து என்ன செலவு செஞ்சாங்க? இங்கே வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பென்ஷன், ரயில் பாதை போட வாங்கின கடனுக்கு வட்டி, லண்டன்ல இருந்த இந்தியா ஆபீஸ் செலவு. இதுக்கெல்லாம் ஹோம் சார்ஜஸ்ன்னு பேர், அதாவது வீட்டுச் செலவு. யார் வீட்டுச் செலவுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இருந்த கையிருப்பும் லண்டன்லதான். 1900இல் தங்கக் கையிருப்பு நிதின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. இங்கே வெள்ளி ரூபாய் அச்சடிச்சதுல வந்த லாபம் அது. பேருதான் தங்கம். பெரும்பகுதி லண்டன்ல பத்திரமா வாங்கிப் போட்டிருந்தாங்க. கெயின்ஸ்ன்னு ஒரு பெரிய பொருளாதார அறிஞர் சின்ன வயசுல அந்த இந்தியா ஆபீஸ்லதான் ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கார். 1913இல் இந்தியப் பணத்தைப் பத்தி அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

தூரத்துல உக்காந்து ஆளுறது நம்ம பகுதிக்குப் புதுசும் இல்லை. சாத்தூர் பக்கம் முதல்ல திருநெல்வேலி ஜில்லாவுல இருந்துச்சு. 1910இல் மதுரை, திருநெல்வேலி ரெண்டுல இருந்தும் பிரிச்சு ராமநாதபுரம் ஜில்லா ஆக்கினாங்க. பேர் ராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸ் மதுரையில! அடுத்த ஜில்லாவுல உக்காந்து நம்ம ஜில்லாவை ஆண்டாங்க. நமக்குன்னு ஒரு மாவட்டம் 1985இல்தான் வந்துச்சு.

பவுன்னு சொல்றோமே, அது எங்க இருந்து வந்த வார்த்தைன்னு யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சதே இல்லை. பவுண்டுதான் பவுன். சவரன்ங்கிறதும் சாவரின்ங்கிற இங்கிலாந்து தங்கக் காசுதான். அதோட எடை கிட்டத்தட்ட 8 கிராம். அதை வெச்சுத்தான் இன்னைக்கும் நம்ம பிள்ளைக்கு எத்தனை பவுன் போடுவீங்கன்னு கேக்கிறாங்க. அந்தக் காலத்துல ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய்னு வெச்சிருந்தாங்க. 1927இல் அதை மாத்தி 13 ரூபாய் 5 அணா 4 பைன்னு சட்டம் போட்டாங்க. ரூபாய் மதிப்பு கூடினா நல்லதுதானேன்னு தோணும். ஆனா பருத்தி விக்கிறவனுக்கு முன்னால ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் கிடைச்சது, இப்ப 13 ரூபாய் சொச்சம்தான். பென்ஷன் வாங்குறவனுக்கு அதே ரூபாய்க்கு அதிகப் பவுண்டு. காங்கிரஸ்காரங்களும் வியாபாரிகளும் வேண்டாம்னு எவ்வளவோ வாதாடியும் கேக்கலை.

ரெண்டு வருஷத்துல, 1929இல், உலகம் பூரா வியாபாரம் படுத்துருச்சு. பருத்தி, நெல், கடலை எல்லாம் பாதி விலைக்கு வந்துருச்சு. தீர்வை மட்டும் பாதியாகலை. அது பணமா நிர்ணயம் பண்ணினது. முன்னால ஒரு பொதி பருத்தி வித்துக் கட்டினதுக்கு இப்ப ரெண்டு பொதி விக்கணும். கடன் கொடுத்தவரும் அசலைக் குறைக்க மாட்டார். 1931 செப்டம்பர் 21இல் இங்கிலாந்து, இனிமேல் பவுண்டுக்குத் தங்கம் தர மாட்டோம்னு அறிவிச்சுருச்சு. ரூபாயைப் பவுண்டோட கட்டி வெச்சிருக்கக் கூடாது, விட்டுடலாம்னு டெல்லியில இருந்த வெள்ளைக்கார சர்க்காரே நினைச்சது. லண்டன் ஒத்துக்கலை. பவுண்டு இறங்கினதும் கூடவே ரூபாயும் இறங்கி, தங்கம் விலை ஏறுச்சு. தோலா 21 ரூபாய் சொச்சம்னு இருந்தது சில மாசத்துல 30 ரூபாய் பக்கம் வந்துருச்சு. (தோலான்னா ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி.)

அப்பத்தான் நாடு பூரா கிராமத்துல இருந்து நகை கிளம்புச்சு. ஊர் ஊரா வியாபாரிங்க வாங்கி, பம்பாய்க்கு அனுப்பி, அங்கே உருக்கிக் கட்டியாக்கி, கப்பல்ல லண்டனுக்கு ஏத்தினாங்க. அடுத்த ஏழெட்டு வருஷத்துல ஏறக்குறைய 300 கோடி ரூபாய்த் தங்கம் நாட்டை விட்டுப் போயிருக்கு. அன்னைக்கு ரூபாயில! தங்கத்தை வெளியே விடாதீங்க, தடை போடுங்கன்னு இங்கே இருந்த தலைவர்களும் வியாபாரச் சங்கங்களும் கேட்டாங்க. சர்க்கார் தடை போடலை. ஏன் போடணும்? அந்தத் தங்கம் போனதாலதான் பருத்தி விலை விழுந்த காலத்துலயும் வீட்டுச் செலவுக்கு லண்டன்ல பவுண்டு குறையாம இருந்துச்சு.

விலை ஏறினதால இந்தியர்கள் லாபத்துக்குத்தான் நகையை வித்தாங்கன்னு அப்ப அதிகாரிங்க சொன்னாங்களாம். வசதியான சிலர் அப்படி வித்திருக்கலாம். எங்க பூட்டி லாபத்துக்கு விக்கலை. காதை வளர்த்துப் போட்ட நகையை லாபத்துக்கு விக்கிற பொம்பளை எந்த ஊர்ல இருக்கா?

நம்ம பக்கத்துல ஒரு வேடிக்கையும் நடந்துச்சு. அதையும் சொல்லிடணும். 1922இல் சர்க்காருக்குக் காசு பத்தலைன்னு வெளிநாட்டுத் தீப்பெட்டி மேல வரியைக் கூட்டினாங்க. ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய். அதுவரைக்கும் சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிதான் இங்கே. வரியால அது விலை ஏறவும், இங்கேயே செஞ்சா என்னன்னு ஆச்சு. சிவகாசியில இருந்து அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து தீப்பெட்டி போட்டது அந்தச் சமயத்துலதான். நம்மை வாழ வைக்கணும்னு போட்ட வரி இல்லை, வருமானத்துக்குப் போட்ட வரி. அதுல நம்ம பக்கம் பிழைச்சுக்கிருச்சு. அது தெரிஞ்சதும் 1934இல் இங்கே செய்யிற தீப்பெட்டிக்கும் வரி போட்டுட்டாங்க! பிறகு யுத்தத்துல வெளிநாட்டுப் பட்டாசு வர்றது நின்னுபோகவும், பட்டாசும் இங்கே வேரூணுச்சு.

யுத்தம்னதும் பெரிய கணக்கு வருது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1ஆம் தேதி ஆரம்பிச்சது. நோட்டு அடிக்கணும்னா பின்னால தங்கமோ பவுண்டுப் பத்திரமோ இருக்கணும்ங்கிறது சட்டம். 1939இல் யுத்தம் வந்ததும் இங்கிலாந்து இங்கே இருந்து துணி, தானியம், இரும்பு, தோல் எல்லாம் வாங்குச்சு. ரொக்கம் தரலை. "உங்க பேர்ல லண்டன்ல பவுண்டு எழுதி வெச்சிருக்கோம்"ன்னு சொன்னாங்க. அந்தச் சீட்டை வெச்சுக்கிட்டு ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடிச்சுக் கொடுத்துச்சு. 180 கோடி பக்கம் இருந்த நோட்டு, யுத்தம் முடியிறப்ப 1,200 கோடியை நெருங்கிருச்சு. சரக்கு கப்பலேறிப் போச்சு, நோட்டு மட்டும் இங்கே குவிஞ்சது. விலை என்ன ஆகும்? நம்ம பெரியவங்க கேப்பைக்கும் சீமெண்ணெய்க்கும் பட்ட பாட்டைச் சொல்வாங்களே, அந்தக் காலம் அது. 1943இல் வங்காளத்துல லட்சக்கணக்கான சனம் பசியில செத்தாங்க. அதுக்குப் பல காரணம் உண்டு, இந்த விலையேற்றமும் ஒண்ணு.

1946இல் இங்கிலாந்து நமக்குத் தர வேண்டியது 1,700 கோடி ரூபாய்க்கு மேல. ஆண்டவன் அடிமைகிட்ட கடன்காரனா நின்னான். ஆனா கடன்காரன் கையிலதான் பெட்டியும் இருந்துச்சு. சுதந்திரத்துக்கு முந்தின நாள், 1947 ஆகஸ்ட் 14இல், ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. 116 கோடி பவுண்டு நம்ம பேர்ல இருந்துச்சு. அதுல உடனே எடுத்துக்கலாம்னு விட்டது ஆறரைக் கோடி பவுண்டு. மீதி முடக்கம். அடுத்த வருஷம் இன்னொரு ஒப்பந்தம். இங்கே விட்டுட்டுப் போன ராணுவத் தளவாடத்துக்கு 10 கோடி பவுண்டு கழிச்சாங்க. ஊர் திரும்பின அதிகாரிகளோட பென்ஷனுக்கு ஏறக்குறைய 16 கோடியே 80 லட்சம் பவுண்டு மொத்தமாக் கழிச்சாங்க. இதைப் படிச்சிட்டுப் புத்தகத்தை மூடி வெச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். தீர்வை வசூல் பண்ணின கலெக்டர்களுக்குச் சுதந்திரத்துக்குப் பிறகும் பென்ஷன் எங்க பூட்டி மாதிரி ஆளுங்க காசுல.

மீதி வந்ததை வெச்சுத் தானியமும் இயந்திரமும் வாங்கினோம். ஐந்தாண்டுத் திட்டங்கள்ல பத்து வருஷத்துக்குள்ள பெரும்பாலும் தீர்ந்துபோச்சு. 1962 சீனப் போரப்ப பெண்கள் வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தாங்க. 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாதுன்னாங்க. செலாவணியை மிச்சம் பிடிக்கத்தான். ஆனா அதுல பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினி கிடந்ததும், சிலர் உயிரையே விட்டதும் நடந்துச்சு.

1991தான் எனக்கு நெருக்கமாப் படுற வருஷம். குவைத் சண்டையில எண்ணெய் விலை ஏறுச்சு. வளைகுடாவுல இருந்தவங்க வெறுங்கையோட திரும்பினாங்க. கையிருப்பு சில வாரச் செலவுக்குத்தான் இருந்துச்சு. மே மாசம் 20 டன் தங்கத்தைச் சுவிட்சர்லாந்து வங்கிக்கு, திரும்ப வாங்கிக்கலாம்ங்கிற பேச்சுல வித்தாங்க. ஜூலையில ரிசர்வ் வங்கியோட 47 டன் தங்கத்தை விமானத்துல ஏத்தி இங்கிலாந்து வங்கியிலயும் ஜப்பான் வங்கியிலயும் அடகு வெச்சு, 40 கோடி டாலர் வாங்கினாங்க. 47 டன்னா நம்ம கணக்குல 58 லட்சத்து 75 ஆயிரம் பவுன். அப்ப ரிசர்வ் வங்கிக் கவர்னர் நாகர்கோவில்ல பிறந்த வெங்கிடரமணன். நாட்டு மானமே போச்சுன்னு பேப்பர்ல எழுதினாங்களாம். தவணை தவறாம இருக்கத்தான் வெச்சாங்க. தவறியிருந்தா அடுத்து யாரும் கடன் தர மாட்டாங்க. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். நானும் வெச்சிருக்கேன்.

2020இல் ஊரடங்கு. பட்டாசு ஆலைகள் மூடிக்கிடந்துச்சு. வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. அத்தைக்கு ஆஸ்பத்திரிச் செலவு. மூணு பவுன் செயினை ஒரு இடத்துல அடகு வெச்சேன். வட்டி எவ்வளவுன்னு சரியாக் கேக்கலை. கேக்கிற நிலைமையிலயும் இல்லை. மஞ்சக் கயித்துல ஒரு குண்டுமணித் தங்கத்தைக் கோத்துக்கிட்டு இருந்தேன். ஒன்றரை வருஷத்துல ஏல நோட்டீஸ் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நான் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கிட்டு உக்காந்திருந்ததைப் பார்த்துட்டு எங்க அம்மா, "எங்க மாமியா சொல்லுமே, அவுங்க அம்மா காதை மூடினதை, அப்படியே இருக்கு"ன்னு சொன்னாங்க. எனக்கு அது வரைக்கும் தோணவே இல்லை.

அடுத்த வாரக் கூட்டத்துல நான் வாய் திறக்கும் முன்னாடியே எங்க ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டை எடுத்துட்டாங்க. உள்கடன் முப்பதாயிரம், கூட்டமைப்புல இருந்து மீதி. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. பன்னிரண்டு பேர் கையெழுத்து. அதுல ரெண்டு பேர் கைநாட்டு. நகை திரும்ப வந்ததும் கூட்டத்துல எல்லாரும் வாங்கிப் பார்த்தாங்க. இருபத்திரண்டு மாசத்துல அடைச்சேன்.

நாட்டுக் கதையும் அப்படித்தான். 1991இல் அடகு வெச்சதுக்கு அந்த வருஷம் முடியிறதுக்குள்ளயே கடனை அடைச்சுட்டாங்க. தங்கத்தை மட்டும் லண்டன் பெட்டகத்துலயே விட்டு வெச்சாங்க. 2009இல் பன்னாட்டு நிதியம் வித்தப்ப 200 டன் தங்கம் நாமளே வாங்கினோம். 2024இல் லண்டன்ல இருந்து 100 டன் தங்கத்தை ரிசர்வ் வங்கி இங்கே கொண்டுவந்துருச்சு. ஒரு கோடியே 25 லட்சம் பவுன். அந்த வருஷம் மார்ச் கணக்குப்படி ரிசர்வ் வங்கித் தங்கம் 822 டன். அதுல 408 டன் நம்ம நாட்டுக்குள்ள. அந்த வருஷம் செப்டம்பர்ல மொத்தக் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டுச்சு. வெளியே கொஞ்சம் வெச்சிருக்கிறது அவசரத்துக்கு விக்க வசதின்னு சொல்றாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. இப்ப அது நாமளே முடிவு பண்ணி வெச்சிருக்கிறது.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "அப்ப லண்டன்ல இருந்து வந்த தங்கத்துல நம்ம பூட்டியோட பாம்படமும் இருக்குமாம்மா?"ன்னு கேட்டா. இருக்காது, அது வேற தங்கம், நம்ம பாம்படம் எப்பவோ யார் யார் கைக்கோ போயிருக்கும்னு சொன்னேன். அவ விடலை. உருக்கிட்டா எது எதுன்னு யாருக்குத் தெரியும்ங்கிறா.